நஞ்சில்லா வீட்டுக் கொல்லை

நெசவாளராயினும் விவசாயியாயினும், நம் சங்க அங்கத்தினர்களுள் பெரும்பாலோருக்கு வீட்டின் பின்புறத்தில் சிறிதளவு மண்ணேனும் உண்டு. சிலருக்கு அது கால் சென்ட். சிலருக்கு மூன்று அல்லது நான்கு சென்ட். கொல்லை என்பர் சிலர். புழக்கடை என்பர் சிலர். ஒரு முருங்கை, இரண்டு வாழை, தானாக முளைத்த ஒரு பப்பாளி, குழாயடி, மூலையில் குப்பை என்பதே பெரும்பாலான கொல்லைகளின் நிலை. சங்கங்களைப் பரிசீலிக்கும் பொருட்டு ஊர்தோறும் செல்லும் நமக்குக் கணக்குப் புத்தகங்களோடு இக்கொல்லைகளையும் காணும் வாய்ப்புக் கிட்டுகிறது. அண்மைக் காலத்தில் இரண்டு வழக்கங்கள் பரவி வருகின்றன. ஒன்று, சேறும் பாம்பும் வேண்டாம் என்று கொல்லை முழுவதையும் சிமெண்டு பூசி மூடிவிடுவது. மற்றொன்று, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிஞ்சியதைக் கொல்லைச் செடிகளுக்கு அடிப்பது. முன்னது குடும்பத்துக்கு நட்டம். பின்னது நட்டம் மட்டுமன்று, ஆபத்துங்கூட.

"இரசாயனம் இன்றி வயலில் விளைவிக்க முடியுமா?" என்று நம்மை வினவும் அங்கத்தினர்கள் உண்டு. அது பெரிய விவாதம். ஏக்கர் கணக்கில் பயிரிட்டுக் கடனும் வட்டியும் கட்ட வேண்டியவருடைய கஷ்டங்கள் வேறு. இக்கட்டுரையில் அவ்விவாதத்தை நாம் தொடவில்லை. வீட்டுக் கொல்லையைப் பற்றி மட்டும் பேசுவோம். கொல்லைக்கு இரசாயனம் தேவையே இல்லை என்பது நமது கருத்து. அதற்குரிய காரணங்களையும், இரசாயனமின்றிக் கொல்லையைப் பேணும் முறைகளையும் கீழே விளக்குகிறோம்.

காத்திருக்க இயலாத நிலம்

பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள சீட்டில் ஒரு விவரம் அச்சிடப்பட்டிருக்கும். கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் கழிய வேண்டும் என்பதே அது. காத்திருப்புக் காலம் என்று இதனைச் சொல்வர். நஞ்சின் வீரியம் வெயிலாலும் காற்றாலும் குறைவதற்கு அந்த அவகாசம் வேண்டும். வயலில் ஒருவர் நாள் குறித்து அறுவடை செய்கிறார். காத்திருக்க அவரால் இயலும். கொல்லையிலோ, காலையில் அடுப்பு மூட்டிய பிறகுதான் இல்லத்தரசி செடியருகே செல்கிறார். நேற்று இரண்டு கத்தரிக்காய், இன்று ஒரு கைப்பிடி கீரை, நாளை நான்கு வெண்டைக்காய் என்று நாள்தோறும் பறிக்கிற நிலம் அது. காத்திருப்புக் காலம் என்பது அங்கே நடவாத காரியம். குழந்தைகள் மண்ணில் விளையாடுவதும், கோழி மேய்வதும், துணி உலர்த்துவதும், குடிநீர்க் குடம் வைப்பதும் அதே இடத்திலேதான். வயலிலே காற்றில் கலைந்துபோகும் நஞ்சு, நான்கு சுவர்களுக்கிடையே உள்ள கொல்லையில் வீட்டுக்குள்ளேயே வருகிறது.

மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசு 2005-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. அதன் கொடுமையை நாடு முழுவதும் உணர்ந்தது 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். சமையல் எண்ணெயில் அந்த மருந்து கலந்திருந்ததைத் தடய ஆய்வு காட்டிற்று. அங்கே செடிக்கு மருந்தடித்தவர் எவருமில்லை. நஞ்சு உணவுப் பொருளின் அருகே வந்ததே போதுமானதாயிற்று. காலியான மருந்துப் புட்டியைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைப்பதும், மருந்தை உத்தரத்தில் செருகி வைப்பதும் நம் பக்கத்திலும் காணாத காட்சிகள் அல்ல. வயலுக்குரிய நஞ்சு வீட்டெல்லைக்குள் வரலாகாது என்பதே கொல்லைப் பராமரிப்பின் முதல் விதி.

மண்ணுக்கு உணவு

செடிக்கு உரமிடுகிறோம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் மண்ணுக்கு உணவிட்டால் மண் செடியை வளர்க்கும். ஒரு பிடி நல்ல மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. இலையையும் சாணத்தையும் அவை மக்கச் செய்து, வேர்கள் உறிஞ்சத்தக்க சத்தாக மாற்றுகின்றன. மண்புழு மண்ணைத் துளைத்துக் காற்றுக்கும் நீருக்கும் வழி செய்கிறது. இவ்வுயிர்களுக்கு வேண்டியவை மூன்று: மக்கும் பொருள், ஈரம், நிழல். மூன்றும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

கொல்லைக் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது இன்றும் நடைபெறுகிறது. உதிர்ந்த இலையைக் கொளுத்துவது ரொக்கத்தைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். இலையிலுள்ள தழைச்சத்து புகையாய்ப் போய்விடுகிறது. சிறிது சாம்பலே மிஞ்சுகிறது. அதே இலையைக் குழியில் இட்டால் மூன்று மாதத்தில் எருவாகும். இந்தூர் நகரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயத் தாவர விஞ்ஞானி, நம் நாட்டுக் குடியானவர்களின் பழக்கங்களைக் கூர்ந்து கவனித்து, குப்பையை முறைப்படி எருவாக்கும் வழியொன்றை வகுத்தார். இந்தூர் முறை என்று அது உலகெங்கும் அறியப்படலாயிற்று. வீட்டளவில் அதனைப் பின்வருமாறு கையாளலாம்.

வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, நிழலான மேட்டுப் பகுதியில் நான்கடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்ட வேண்டும். மழைநீர் தேங்கும் ஊராயின் குழியின்றித் தரைமேலேயே குவிக்கலாம். முதலில் காய்ந்த சருகு அரையடி உயரம். அதன்மேல் காய்கறித் தோல், களை, பச்சைத் தழை ஆகியவை மூன்று அங்குலம். அதன்மேல் நீரில் கரைத்த சாணம் தெளித்து, மெல்லியதாக மண் தூவ வேண்டும். இவ்வாறே அடுக்கடுக்காக நிரப்பி வர வேண்டும். ஈரம் எவ்வளவு இருக்க வேண்டுமெனில், கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. ஆனால் உள்ளங்கை நனைய வேண்டும். நிரம்பிய பதினைந்தாம் நாள் ஒருமுறையும், அடுத்த பதினைந்தாம் நாள் ஒருமுறையும், பின்னர் ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் கிளறிவிட்டால், ஏறத்தாழ 90 நாளில் கருநிற எரு ஆயத்தமாகும். துர்நாற்றம் வீசினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். கிளறிவிட்டுச் சருகு சேர்த்தால் நாற்றம் நீங்கும். பல நாளாகியும் மக்காவிடில் ஈரமோ சாணமோ குறைவு என்று அறிய வேண்டும்.

கிளறும்பொழுது வெண்மையான பருத்த புழுக்கள் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கக் காணலாம். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் இளம்பருவமும் இத்தகையதே. அவ்வண்டு எருக்குழியிலேதான் முட்டையிட்டுப் பெருகுகிறது. அப்புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். கிளறாத எருக்குழி தென்னைக்குப் பகை என்பதை மறக்கலாகாது.

எருவைப் போலவே முக்கியமானது மூடாக்கு. செடியைச் சுற்றியுள்ள வெற்று மண்ணைச் சருகாலோ வைக்கோலாலோ மூன்று அங்குல உயரத்துக்கு மூடி வைத்தால் வெயிலின் கடுமை மண்ணைத் தாக்காது, ஈரம் நிற்கும், களை குறையும், நாளடைவில் அதுவே எருவுமாகும். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரற்கடை இடம் விட வேண்டும். இல்லையேல் தண்டு அழுகும்.

விறகடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. செடிக்கு ஒரு பிடி போதும். மிகுந்தால் மண் உவராகும். நிலக்கரிச் சாம்பலும், பிளாஸ்டிக் எரிந்த சாம்பலும் அறவே கூடாது.

கழிவுநீரும் சாயநீரும்

ஒரு குடும்பம் குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் அரிசி களையவும் செலவிடும் நீர் சிறிதன்று. அது தெருச் சாக்கடையில் தேங்கிக் கொசுவை வளர்ப்பதைவிடக் கொல்லையில் வாழையை வளர்ப்பது நலம். குளியல் நீர் செல்லும் இடத்தில் மூன்றடி ஆழக் குழி தோண்டி, அடியில் உடைந்த செங்கல்லும் மேலே சருகும் இட்டு, சுற்றிலும் வாழையும் சேம்பும் கல்வாழையும் நட்டால் அவை நீரை உறிஞ்சிவிடும். அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் நேரே கீரைப் பாத்திக்கு விடலாம். சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நீர் மட்டும் பாத்திக்கு ஆகாது. அதிலுள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும்.

நெசவாளர் வீடுகளில் இதனினும் கவனம் வேண்டும். பாவுக்குக் கஞ்சி போட்டபின் மிஞ்சும் அரிசிக் கஞ்சியால் மண்ணுக்குத் தீமையில்லை. துருசு முதலிய மருந்து சேர்க்காத கஞ்சியாயின் நீர் கலந்து எருக்குழியில் ஊற்றலாம். சாயமேற்றாத பருத்திக் கழிவு நூலைச் சிறிது சிறிதாக வெட்டி எருக்குழியில் இடலாம், அதுவும் மக்கும். பாலியெஸ்டர் நூலும் ஜரிகையும் மக்கமாட்டா. ஆனால் சாயநீர் வேறு வகை. பருத்தி நூலுக்குச் சாயம் பிடிப்பதற்காகச் சில சாயங்களுடன் லிட்டருக்கு முப்பது கிராமும் அதற்கு மேலும் உப்புச் சேர்க்கின்றனர். கடல்நீரில் உள்ள உப்போ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். ஆகவே சாயப்பானையைக் கொல்லையில் கவிழ்ப்பது கடல்நீரைக் கொண்டுவந்து ஊற்றுவதற்குச் சமானம். காஸ்டிக் சோடா முதலியன வேறு அதில் சேர்ந்துள்ளன. நிறம் சில நாளில் மங்கிவிடும். உப்பு மண்ணிலேயே தங்கி, மழைதோறும் கிணற்றை நோக்கி இறங்கும்.

நொய்யல் நதிக்கரையில் நிகழ்ந்தது இதுவே. பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புநீர் தேங்கும் இடமாக மாறிப்போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில், விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. ஒரு நதிக்கு நேர்ந்தது ஒரு கொல்லைக்கு நேர அதிக காலம் ஆகாது. வீட்டில் சாயமேற்றும் அங்கத்தினர்கள் அந்நீரைத் தனியே சேர்த்து, சங்கச் சாயச்சாலை அல்லது பொதுச் சுத்திகரிப்பு ஏற்பாட்டின் வழியாகவே அகற்ற வேண்டும்.

நண்பனைக் கொல்லும் மருந்து

செடியில் ஒரு பூச்சியைக் கண்டவுடன் கை மருந்தை நாடுகிறது. கொல்லையில் காணும் பூச்சிகளுள் தீங்கு செய்பவை சிலவே. பல பூச்சிகள் தீங்கற்றவை. சில நமக்குக் கூலியின்றி வேலை செய்பவை. பொறிவண்டு அசுவினியைத் தின்கிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் அவ்வாறே. குளவி கம்பளிப்புழுவைத் தூக்கிச் செல்கிறது. தேரை இரவெல்லாம் பூச்சி பிடிக்கிறது. ஓணானும் சிலந்தியும் கும்பிடுபூச்சியும் பகலெல்லாம் காவல் காக்கின்றன. மருந்தடித்தால் முதலில் மடிபவை பெரும்பாலும் இவையே. தீமை செய்யும் பூச்சி விரைவில் மீண்டும் பெருகிவிடுகிறது. அதைத் தின்னும் பூச்சி பெருக நாளாகிறது. எனவே அடுத்த முறை தொல்லை முன்னிலும் மிகுதியாகிறது; மருந்தும் முன்னிலும் மிகுதியாக வாங்க நேரிடுகிறது.

இதனை விளக்க நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ நாட்டுப் பக்கத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் அது முதன்முதலாக 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி என்று பரவி, பட்டு வளர்ப்போரின் வாழ்வாதாரமான மல்பெரித் தோட்டங்களையும் பாழாக்கிற்று. விவசாயிகள் மருந்தின்மேல் மருந்தாக அடித்தனர். பூச்சியின் உடலைப் போர்த்தியுள்ள வெண்மெழுகை மருந்து எளிதில் ஊடுருவவில்லை. பட்டுப்புழுவுக்கு இடும் மல்பெரி இலையில் கண்டபடி நஞ்சைத் தெளிக்கவும் இயலாது.

அப்பூச்சி தன் சொந்த நாட்டில் ஏன் இத்தகைய நாசம் விளைவிக்கவில்லை என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். அங்கே அதனை அடக்கிவைக்கும் இயற்கைப் பகைவர்கள் உண்டு, இங்கே இல்லை. ஆகவே 2010-ஆம் ஆண்டில் பியூர்டோ ரிகோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தனர். அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்பது எள்ளினும் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிந்த புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்று, குளவியாய் வெளிவரும். பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் அவற்றை வளர்த்துத் தோட்டங்களில் விட்டனர். விட்ட இடங்களில் மருந்தடிப்பதை நிறுத்துமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொண்டனர்; நிறுத்தாவிடில் குளவியும் மடிந்துவிடும் அல்லவா? சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கிற்று. பல முறை அடித்த மருந்து செய்யாததை அச்சிறு குளவி செய்து முடித்தது.

இதில் நமது கொல்லைக்குரிய படிப்பினை உண்டு. கொல்லைப் பப்பாளியில் மாவுப்பூச்சியைக் கண்டு ஒருவர் மருந்தடித்தால், அவர் வீட்டுக் குளவி மட்டுமன்றித் தெருக் குளவிகளும் குறைந்துபோகின்றன. அடுத்த வீட்டாரும், ஊர்ப்புறத்து மல்பெரித் தோட்டக்காரரும் அந்த நட்டத்தில் பங்கு பெறுகின்றனர். பூச்சிக்கு வேலி தெரியாது.

நண்பரை அடையாளம் அறிவதும் அவசியம். மாவுப்பூச்சிகளிடையே சற்றுப் பெரிதாய், வெண்பஞ்சு போர்த்தாற்போல் விரைந்து நகரும் ஒன்றைக் காணலாம். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. தோற்றத்தில் பகைவனை ஒத்திருப்பதால் பலர் அதனை நசுக்கிவிடுகின்றனர். இலையில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் வெண்ணிறப் புள்ளி நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, அதனைத் தொடலாகாது.

பூச்சி கண்டால் செய்ய வேண்டியவை

முதலில் கை, பிறகு நீர், அதன் பிறகே வேம்பு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய பகுதியைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். புடலை, பாகல் ஆகியவற்றில் பழ ஈயால் அழுகி உதிரும் பிஞ்சுகளை நாள்தோறும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டினால் ஈ அண்டாது. முருங்கையில் கம்பளிப்புழுக்கள் மழைக்காலப் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒண்டியிருக்கும். அவற்றைத் துடைப்பத்தால் தள்ளிச் சோப்பு நீர் வாளியில் விழச் செய்யலாம். கையில் படாமல் காத்துக்கொள்க.

அசுவினியும் மாவுப்பூச்சியும் தொடக்க நிலையில் இருந்தால் வேகமாக நீரைப் பீய்ச்சியே உதிர்த்துவிடலாம். எறும்பு மரத்தில் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இப்பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டுகிறது. அடிமரத்தில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவி எறும்பைத் தடுத்தால், பொறிவண்டு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்டுப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. இதனையும் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி இயற்கையாகவே அடக்கி வருகிறது. மருந்தடித்தால் அக்குளவி அழியும். ஈயின் கழிவின்மேல் படரும் கரும்பூசணத்தைப் போக்க நெசவாளருக்கு நன்கு தெரிந்த பண்டம் ஒன்று உதவுகிறது, அதுவே கஞ்சி. லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவு வீதம் கஞ்சி காய்ச்சி, ஆறியபின் ஓலையில் தெளித்தால், அது வெயிலில் காய்ந்து உரியும்போது கருமையும் உடன் உதிர்ந்துவிடுகிறது.

வேம்பின் பயன்

வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சியை உடனே கொல்வதில்லை. அதனைத் தின்ற புழுவுக்கு உணவின்மேல் வெறுப்பு உண்டாகிறது. தோலுரித்து வளரும் ஆற்றலும் கெடுகிறது. ஆகவே தெளித்த மறுநாள் பூச்சி நடமாடக் கண்டு "பலன் இல்லை" என்று முடிவு செய்யலாகாது. சில நாள் பொறுக்க வேண்டும். இலையைத் தின்னாத பொறிவண்டுக்கும் சிலந்திக்கும் இதனால் தீங்கு குறைவு என்பதே இதன் சிறப்பு.

செய்முறை எளிது. தோலும் ஓடும் நீக்கிய வேப்பம்பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். காலையில் நன்றாகப் பிழிந்தால் பால் போன்ற கரைசல் கிடைக்கும். நான்கைந்து கிராம் காதி சவர்க்காரத்தைச் சீவி அதில் கரைத்தால் இலையில் ஒட்டும். அன்று மாலையே இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் இதன் வீரியம் கெடுமாதலின் பகலில் தெளித்தல் வீண். பருப்பு கிட்டாதபோது லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி வேப்பெண்ணெயைச் சவர்க்காரத்துடன் கலந்து பயன்படுத்தலாம். கத்தரி, தக்காளி நடும்போது குழிக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு இட்டால் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும். பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி நடுவதும் இதற்கு உதவும்.

வேம்பைக் கொண்டு பூசணத்தைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வெளிநாட்டாருக்கு உரிமை வழங்கியது. இந்தியரும் பிறரும் ஆட்சேபித்ததன்மேல் 2000-இல் அவ்வுரிமை ரத்தாயிற்று. 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அந்நியர் உரிமை கோரி வழக்காடும் பொருள், நம் வீதிகளில் ஆண்டுதோறும் மிதிபட்டு வீணாகிறது.

இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. புகையிலைச் சாற்றிலுள்ள நிக்கோடின் கொடிய நஞ்சு; அது கொல்லைக்கு வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. வேப்பெண்ணெயைப் பச்சிளங் குழந்தைக்குப் புகட்டுவதும் ஆபத்து. எக்கரைசலாயினும் பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் அவசியம்.

தறிவீட்டுக்குச் சில எச்சரிக்கைகள்

குழித்தறி உள்ள வீட்டில் சுவரோரம் நீர் தேங்கினால் ஈரம் தறிக்குழிக்குள் கசியும். ஆகவே உறிஞ்சுகுழியும் வாழையும் சுவரிலிருந்து பத்தடியேனும் தள்ளியிருக்க வேண்டும். சருகும் விறகும் சுவரை ஒட்டிக் குவிந்தால் கறையான் சுவர் வழியே ஏறித் தறிமரத்தையும் நூலையும் அரிக்கும். சுவரோரம் மூன்றடி அகலத்தை வெறுமையாக வைத்திருத்தல் நன்று. பாம்புக்கு அஞ்சுவோருக்கும் இதுவே பரிகாரம். எலியும் ஒதுங்கிடமும் இல்லாத இடத்தில் பாம்புக்கு வேலையில்லை. கொல்லை முழுவதையும் சிமெண்டால் மூட வேண்டியதில்லை.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, தேங்காய் ஓட்டிலும் உடைந்த சாயப்பானையிலும் தேங்கும் சிறிதளவு நன்னீரிலேயே முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். வாரத்தில் ஒரு நாள் குறித்து, தேங்கிய நீர் அனைத்தையும் கவிழ்த்துவிட்டால் புகை மருந்து தேவைப்படாது.

சங்கம் செய்யக்கூடியவை

இதுவரை கூறியவை தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆயினும் நண்பர்களான பூச்சிகள் தெருவுக்குப் பொதுவானவை. கிணற்று நீர் ஊருக்குப் பொதுவானது. ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. ஆகவே சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, வேப்பம்பழம் ஆனி, ஆடி மாதங்களில் உதிர்கிறது. அங்கத்தினர் வீட்டுப் பெண்களும் முதியோரும் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திக் கொடுக்கும் கொட்டைகளைச் சங்கம் நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். காற்றோட்டமான சாக்கில் வைத்து, மூன்று மாதம் முதல் எட்டு மாதத்துக்குள் பயன்படுத்துவது நலம். ஐப்பசி மழைக்குப்பின் பூச்சி பெருகும் சமயத்தில் அது கைக்கு ஆயத்தமாக இருக்கும்.

இரண்டாவது, கொல்லைக்கு மட்டும் உரிய கைத்தெளிப்பான் ஒன்றைச் சங்கத்தில் வைத்து முறைவைத்து வழங்கலாம். வயலில் நஞ்சடித்த தெளிப்பானைக் கொல்லைக்குக் கொண்டுவருவதை இது தடுக்கும்.

மூன்றாவது, விதை. கீரை, அவரை, சுரை, கத்தரி முதலியவற்றில் நம் ஊர் மண்ணுக்குப் பழகிய நாட்டு ரகங்கள் சில வீடுகளிலேயே எஞ்சியுள்ளன. ஆடிப்பட்டத்துக்கும் தைப்பட்டத்துக்கும் முன்னதாகச் சங்கக் கட்டடத்தில் விதைப் பரிமாற்றம் ஏற்பாடு செய்யலாம். ஒரு பிடி விதை பெற்றவர் அறுவடைக்குப்பின் இரண்டு பிடி திருப்பித் தருவது என்று விதி வகுத்தால், கைமுதல் தானே வளரும்.

நான்காவது, இடுபொருள் விற்கும் சங்கங்களின் விற்பனையாளர்கள், "வீட்டுச் செடிக்கு" என்று கேட்பவர்களுக்கு வயல் மருந்தை எடுத்துக் கொடுக்காமல் வேப்பம்புண்ணாக்கையும் வேப்பெண்ணெயையும் கொடுக்கப் பழக வேண்டும். மருந்து வாங்குவோரிடம், பூட்டி வைக்கவும், காலிப் புட்டியில் ஓட்டையிட்டு எவரும் மீண்டும் பயன்படுத்தாதபடி செய்யவும் நினைவூட்டுவது அவர்கள் கடமை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது இரண்டு கிலோ ஆகிறது. நெசவுக் கூலியிலோ சிறு விவசாயியின் வரவிலோ நாள்தோறும் இரண்டு கிலோ வாங்குவது எத்தனை குடும்பங்களுக்கு இயலும் என்பதை அங்கத்தினர்களே அறிவார்கள். இரண்டு சென்ட் கொல்லை அது முழுவதையும் தந்துவிடாது. ஆயினும் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, நான்கு வாழை, இரண்டு கீரைப் பாத்தி, ஒரு அவரைப் பந்தல் இருந்தால் சந்தைச் செலவு குறைவதைக் குடும்பக் கணக்கில் காணலாம். விலை கொடுத்து வாங்கும் உரமும் மருந்தும் அதில் பற்றுப் பக்கத்தில் ஏறினால், வரவு முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். எரு நம் வீட்டுக் குப்பை. நீர் நாம் கழித்த நீர். காவலாளிகள் பொறிவண்டும் தேரையும். கொல்லையில் சேர்த்தது எதுவாயினும் அது உணவாகவோ குடிநீராகவோ நம்மிடமே திரும்பி வருகிறது. எனவே எதைச் சேர்க்கிறோம் என்பதில் ஒவ்வொரு வீடும் கவனம் கொள்ள வேண்டும். வரும் ஆடிப்பட்டத்துக்குள் வீட்டுக்கொரு எருக்குழி என்று ஒவ்வொரு சங்கமும் தன் மகாசபையில் தீர்மானம் இயற்றுமாயின், அது நல்ல தொடக்கமாக அமையும்.